சின்ன மீன்கள் இருக்கும் கடல் தொட்டியில் விலாங்கு விடலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: நாலடித் தொட்டி, உப்புநீர், உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஐந்து பச்சைக் குரோமிஸ், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு கிளீனர் இறால். இதில் விரல் தடிமன் உள்ள ஸ்னோஃப்ளேக் விலாங்கு ஒன்றை விட்டால் மற்றதையெல்லாம் தின்றுவிடுமா?

இறாலை இப்போதே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஃபயர்ஃபிஷுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். க்ளவுனும் குரோமிஸும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், அதுவும் நீங்கள் எப்படித் தீனி போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஆறு வருடமாக ஒரு ஸ்னோஃப்ளேக் வைத்திருக்கிறேன், அதில் முதல் வருடம் நான் செய்த தவறுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் பல்லைப் பாருங்கள். மோரே விலாங்கு, அதாவது மீனவர்கள் அஞ்சாளை என்று சொல்லும் இனத்தில், சுமார் 200 வகை இருக்கிறது, ஸ்னோஃப்ளேக்கும் அதில் ஒன்று. வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஸ்னோஃப்ளேக்குக்கும் வரிக்குதிரை மாதிரி பட்டை போட்ட ஜீப்ரா மோரேவுக்கும் மழுங்கிய பல், நண்டு ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தது. இறாலும் நண்டும்தான் அவற்றின் சாப்பாடு. ஊசி மாதிரி நீண்டு உள்பக்கம் சாய்ந்த பல் உள்ள வகைகள் மீனைப் பிடித்துத் தின்பவை, அவற்றைச் சின்ன மீனோடு விடுவதும் தீனி வாங்கிப் போடுவதும் ஒன்றுதான். நீல நிற ரிப்பன் விலாங்கைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அதுவும் மீன் தின்னி, அதைவிட மோசம், தொட்டிக்கு வந்ததும் பல நேரம் எதையுமே தின்னாமல் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

சரி, ஸ்னோஃப்ளேக் நண்டு தின்னி என்றால் மீனுக்கு என்ன பயம்? அங்கேதான் நானும் ஏமாந்தேன்.

இந்தப் பிராணிக்குக் கண் சுத்தமாகப் போதாது. மூக்குதான் எல்லாம். முகத்தின் முன்னால் மஞ்சளாக இரண்டு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் நாசித் துவாரம். தொட்டியில் இறால் வாசனை பரவிவிட்டால் அதற்கு எது இறால், எது கல், எது உங்கள் விரல் என்று தெரியாது, வாசனை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே கடிக்கும். ஆரம்பத்தில் நான் உறித்த இறாலைத் துண்டு போட்டு மேலேயிருந்து தண்ணீரில் தூவிவிடுவேன், எல்லாரும் சேர்ந்து சாப்பிடட்டும் என்று. ஒருநாள் ஒரு குரோமிஸ் தன் வாயைவிடப் பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல், கல்லோரமாக ஒதுங்கியது. பொந்திலிருந்து தலை வந்தது. அவசரமே இல்லாமல், இடமும் வலமும் முகர்ந்துகொண்டே, துண்டு இருந்த திசையில் வந்து, துண்டையும் குரோமிஸின் முகத்தையும் சேர்த்து ஒரே கடி. விலாங்கு கவ்வியது இறாலைத்தான், மீன் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நொடியில் உதறிவிட்டது. ஆனாலும் குரோமிஸுக்குத் தாடை கிழிந்துவிட்டது, மூன்றாம் நாள் செத்தது.

அன்றோடு தூவுவதை நிறுத்தினேன். இப்போது முதலில் தொட்டியின் ஒரு மூலையில் மீன்களுக்கு அவற்றின் தீனியைப் போட்டு வயிறு நிறைய விட்டுவிடுகிறேன். அப்புறம் மறுமூலையில், நீளமான பிளாஸ்டிக் இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்து விலாங்கின் மூக்கருகே கொண்டுபோய் நிறுத்துவேன். அது வாங்கி விழுங்கி முடித்த பிறகுதான் அடுத்தது. உலோக இடுக்கி வேண்டாம், ஆவேசத்தில் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். கையால் ஊட்டவே ஊட்டாதீர்கள், பழகிவிட்டது என்று படம் போடுகிறவர்களின் விரலும் ஒருநாள் இறாலாகத் தெரியும்.

விழுங்குவதைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும், வாய் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே போகும் துண்டு பெரிது. மோரேவின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, வெளித் தாடை கவ்வியதும் உள்தாடை முன்னால் ஓடிவந்து இரையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. 2007-ல் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் இதை நேச்சர் இதழில் விவரித்தார்கள். ஆகவே "இந்த மீன் அதன் வாய்க்கு அடங்காது" என்று வெளியிலிருந்து கண்ணால் அளந்து முடிவு செய்ய வேண்டாம். விலாங்கின் தலையளவுக்கு மேல் உயரமான, தட்டையான உடம்புள்ள மீன்கள் பரவாயில்லை. பென்சில் மாதிரி ஒல்லியாக, கல் இடுக்கில் தூங்குபவைதான் முதலில் போகும்.

ஃபயர்ஃபிஷ் கதைக்கு வருகிறேன். என்னிடமும் ஒன்று இருந்தது. பகலில் இரண்டும் ஒருவருக்கொருவர் கண்டுகொள்ளவே இல்லை. விலாங்கு ராத்திரிப் பிராணி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பொந்தாக முகத்தை நுழைத்து ரோந்து போய்க்கொண்டிருக்கும். ஃபயர்ஃபிஷ் அதே பொந்துகளில் ஒன்றில்தான் தூங்கும். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அதைக் காணவில்லை. குதிக்கிற மீன், வெளியே விழுந்திருக்கும் என்று தரை முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று விலாங்கு தீனியையும் தொடவில்லை. சாட்சி இல்லாத வழக்கு, ஆனால் தீர்ப்பில் எனக்குச் சந்தேகமில்லை. அதேசமயம் குரோமிஸ் ஒன்று காணாமல் போனால் உடனே விலாங்கைக் குற்றம் சொல்லாதீர்கள், குரோமிஸ் கூட்டத்துக்குள்ளேயே பலமானது பலவீனமானதைக் கொத்திக் கொத்தித் தீர்த்துக்கட்டுவது சகஜம்.

க்ளவுன் ஜோடி இன்னும் இருக்கிறது. சொல்லப்போனால் பெண் க்ளவுன் தன் மூலைக்கு வந்த விலாங்கின் வாலைக் கொத்தி விரட்டும். குட்டி விலாங்காக வாங்கினால் டாம்சல் மாதிரி சண்டைக்கார மீன்கள்தான் அதைப் படுத்தும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை தீனி என்றால், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு முறை போதும், குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். பசியில் காயப்போட்டால் மீன்களின் மேல் கவனம் திரும்பும், அளவுக்கு மீறிப் போட்டால் தண்ணீர் கெடும். விலாங்கின் கழிவு சின்ன மீன்களின் கழிவு மாதிரி இல்லை, ஒரு தடவை போனாலே நைட்ரேட் ஏறும், அதனால் உங்கள் புரோட்டீன் ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி, தொட்டிக்குச் சொல்லப்பட்டதைவிட ஒரு படி பெரிதாக இருக்கட்டும். இறால், கணவாய், சிப்பிச் சதை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். சிலவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் தையமினேஸ் இருக்கிறது, அதையே தொடர்ந்து தின்றால் சத்துக் குறைவு வரும். நடுவில் இரண்டு மூன்று வாரம் எதையும் தொடாமல் கிடந்தாலும் பதறவேண்டாம், அப்படிக் கிடப்பது அதற்கு வழக்கம்தான்.

வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்கள் "கோபமாக இருக்கிறது" என்பார்கள். மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

கல் அடுக்கும்போது மணலின் மேல் வைக்காதீர்கள், தொட்டியின் அடிக் கண்ணாடியிலேயே உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். இது அடியில் தோண்டும், மேலே உள்ளது சரியும், கண்ணாடியும் உடையலாம். உள்ளே ஒரு பிவிசி குழாயை மறைத்து வைத்தால் அதுவே அதன் படுக்கையறை ஆகிவிடும், தொட்டியைச் சுத்தம் செய்யும்போது குழாயோடு தூக்கி மாற்றவும் வசதி. இன்னொன்று, மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தைப் பொதுத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். விலாங்குக்குச் செதில் கிடையாது, செம்பைத் தாங்காது, நோயுள்ள மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். புதுமீன் விடுவதும் பகலில், விலாங்கு வயிறு முட்டத் தின்ற மறுநாள்.

மூடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதட்டியே சொல்கிறேன். என் தொட்டிக்கு மூடி இருந்தது, ஹீட்டர் ஒயர் போவதற்குப் பின்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெட்டும் இருந்தது. ஒரு காலையில் தொட்டியில் விலாங்கு இல்லை. அலமாரிக்குப் பின்னால், தூசியும் தலைமுடியும் அப்பிக்கொண்டு, பழைய சாட்டை மாதிரி கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் ஈரத்துணியில் எடுத்தேன், கையில் நெளிந்தது. தொட்டியில் விட்டதும் தூசியைச் சளியோடு சேர்த்துச் சட்டை உரிப்பது மாதிரி உரித்துப் போட்டுவிட்டு, நேராகக் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஈரம் காயாத வரை தரையில் தாக்குப்பிடிக்கும் பிராணி இது. தண்ணீருக்கு வெளியே இரையைக் கவ்வி அங்கேயே விழுங்கவும் ஸ்னோஃப்ளேக்கால் முடியும் என்று 2021-ல் ஓர் ஆய்வும் வந்தது. எல்லாருக்கும் என் மாதிரி நேரத்தோடு கண்ணில் படாது. தலை நுழையும் ஓட்டை எதுவானாலும் வலை வைத்து அடைத்துவிடுங்கள், தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டியின் வாயையும் சேர்த்து.

உங்கள் தொட்டி நாலடி என்பதால் இடம் போதும். இப்போது விரல் தடிமனில் இருப்பது சில வருடத்தில் இரண்டடிக்கு மேல் போகும், அப்போது அந்தக் குரோமிஸ்களின் உயரத்தையும் அதன் தலையையும் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் வாங்குவதற்கு முன் ஒரு இறால் துண்டை அவர்களையே போடச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னால் தின்னாத விலாங்கை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.