கருகிய வற்றலும் கசந்த மோலேயும்
சமையலறைக் கேள்வி பதில்

சென்ற இதழில் மெக்சிகோ சமையலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மிளகாயைப் பற்றியவையே. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் மிளகாய்க்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் தன் தோழியின் வீட்டில் மோலே போப்லானோ என்ற மெக்சிகோ மிளகாய்க் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து, அதையே செய்து தரச் சொன்னாள். ஆஞ்சோ, பசீயா ஆகிய வற்றல்களை இணையத்தில் வரவழைத்து, சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதுபோல் நன்றாக வறுத்து அரைத்தேன். குழம்பு தார்போல் கறுத்து, வாயில் வைக்க முடியாதபடி கசந்துவிட்டது. சாக்லேட்டைக் குறைத்திருக்க வேண்டுமா? – ஈசூன் வாசகி

பதில்: சாக்லேட்டின் மீது பழி போடாதீர்கள். ஆறு பேருக்கான மோலேயில் 30 கிராம் கறுப்புச் சாக்லேட் சேர்ந்தாலே அதிகம். அந்த அளவு ஒரு பானைக் குழம்பைக் கசக்க வைக்காது. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதுபோல்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நாம் சாம்பார்ப் பொடிக்கு வறுக்கும் நீள மிளகாய் மெல்லிய தோல் கொண்டது; ஒரு சொட்டு எண்ணெயில் உப்பி மொறுமொறுப்பாகும்வரை தாங்கும். ஆஞ்சோ அப்படிப்பட்டதன்று. அது போப்லானோ என்ற பெரிய மிளகாயைச் செடியிலேயே பழுக்கவிட்டு உலர்த்திய வற்றல்; சதைப்பற்றும், உலர்ந்த திராட்சையை நினைவூட்டும் இனிப்பும் கொண்டது. இனிப்பு உள்ள எதுவும் சூட்டில் சீக்கிரம் கருகும். ஆகவே காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கிழித்து, விதையை உதறிவிட்டு, எண்ணெயில்லாத தோசைக்கல்லில் மிதமான தீயில் விரித்து வையுங்கள். கரண்டியின் முதுகால் அழுத்தினால் சிறிய சீறல் கேட்கும்; செங்கறுப்பாக இருந்த தோலில் புகையிலை நிறத்தில் திட்டுத்திட்டாக மாற்றம் தெரியும்; சூடான திராட்சையின் வாசம் எழும். அந்த வாசம் வந்த நொடியே திருப்பிப் போட்டு, மறுபக்கத்தையும் அதேபோல் காட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து நொடி போதும். மூக்கில் நெடி ஏறி இருமல் வந்துவிட்டதென்றால் அந்த வற்றல் கெட்டுவிட்டது என்று பொருள். மனம் கேட்காவிட்டாலும் அதைக் குப்பையில் போடுங்கள், ஏனென்றால் கருகிய ஒரு வற்றல் நல்ல ஒன்பதையும் கெடுத்துவிடும்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் முதன்முறை செய்த அன்று, சாரலுக்குப் பயந்து சன்னல்களை மூடிக்கொண்டு, பத்து வற்றலையும் ஒரே ஈட்டில் கல்லில் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு மாடியின் தாழ்வாரம் முழுவதும் கமறிவிட்டது. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) கதவைத் திறந்து, சம்பாலா செய்கிறீர்கள் என்று இருமலுக்கிடையே கேட்டார். அன்றைய மோலேயும் உங்களுடையதைப் போலவே கசந்தது.

வறுத்த வற்றலைச் சுடுநீரில் இருபது முதல் முப்பது நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய நீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் கொட்டிவிட்டுப் புதுநீர் விட்டு அரையுங்கள். அரைத்த விழுதைக் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும், ஏனென்றால் அந்தத் தோல் எந்த மின் அம்மியிலும் முழுமையாக மசியாது. அடுத்த படிதான் முக்கியமானது, ஆனால் நம்மவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை: அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து விழுதைக் கொட்டி, நிறம் ஆழ்ந்து ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். சம்பாலுக்கு மலாய்க்காரர்கள் 'பெச்சா மிஞ்ஞாக்' என்று சொல்லும் அதே பதம்தான். அதன் பிறகு, தனித்தனியாக வறுத்து அரைத்த எள், பாதாம், நிலக்கடலை, உலர்ந்த திராட்சை, பட்டை, கிராம்பு, மிளகு, குழம்பைக் கெட்டியாக்க ஒரு துண்டு ரொட்டி, சுட்ட தக்காளி ஆகியவற்றைச் சேர்த்து, கோழி வேகவைத்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சிறு தீயில் ஒரு மணி நேரமாவது அடிபிடிக்காமல் கிளறிக் கொதிக்கவிடுங்கள். சாக்லேட் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சேர வேண்டும். பால் சாக்லேட் கூடாது.

மிளகாயை வேண்டுமென்றே கருக்கும் மோலேயும் உண்டு. ஒஹாக்கா மாநிலத்து மோலே நெக்ரோவுக்கு வற்றலைக் கன்னங்கரேலென்று கருக்கி, பிறகு நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்குவார்கள். முதல் முயற்சியிலேயே அதில் இறங்க வேண்டாம்.

போப்லானோ என்றால் புவெப்லா நகரைச் சேர்ந்தது என்று பொருள். அந்நகரின் கன்னிமாடம் ஒன்றில், திடீரென்று வந்த விருந்தாளிக்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அரைத்ததில் இது பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதைதான், ஆனால் 'மோலே' என்ற சொல்லே ஸ்பானியருக்கு முன்பிருந்த நாவாட்ல் மொழியில் சாறு, குழம்பு என்று பொருள்படும் 'மோல்லி'யிலிருந்து வந்தது. மிளகாய் அரைத்த குழம்பு அங்கே முன்பே இருந்தது. பட்டையும் கிராம்பும் எள்ளும் கடல் கடந்து வந்து அதில் சேர்ந்தன. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் நம் பக்கத்து மசாலாப் பொருள்களையும் ஏற்றிச் சென்றிருக்கின்றன.

கேள்வி: நாங்கள் சைவம். கோழி இல்லாமல் மோலே செய்ய முடியுமா? – பொங்கோல் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கோழிச்சாற்றுக்குப் பதில் காய்ந்த காளானை ஊறவைத்த நீரையும் காய்கறி வேகவைத்த நீரையும் கலந்து ஊற்றுங்கள். வறுத்த காலிஃபிளவர் அந்தக் குழம்பை நன்றாக ஏந்திக்கொள்ளும்; பனீர் எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை. தேக்காச் சந்தையில் கிடைக்கும் வற்றலைக் கொண்டே மெக்சிகோ உணவைச் செய்தால் என்ன? – பிடோக் வாசகி

பதில்: சிலவற்றுக்குச் செய்யலாம், சிலவற்றுக்கு முடியாது. எது எதற்கு என்று தெரிய வேண்டுமானால், அவர்கள் மிளகாயைப் பார்க்கும் விதத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரே மிளகாய் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்த பிறகு வேறு பெயர். போப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ; மிராசோல் காய்ந்தால் குவாஹியோ; சிலாக்கா காய்ந்தால் பசீயா; ஹாலப்பேனோ பழுத்துப் புகையில் உலர்ந்தால் சிபோட்லே. நெல், அரிசி, சோறு என்று நாம் ஒன்றையே மூன்றாகப் பிரித்துப் பேசவில்லையா, அதைப் போலத்தான். காய்வதால் சுவையே மாறிவிடுகிறது என்று அவர்கள் கருதுவதால், பச்சைக்குப் பதில் வற்றலைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எந்த மெக்சிகோ பாட்டியும் சொல்லமாட்டார்.

குவாஹியோவுக்குக் காஷ்மீர் மிளகாயோ பியாட்கி மிளகாயோ மிக அருகில் வரும். இரண்டுமே சிவப்பு நிறம் கூடுதலாகவும் காரம் குறைவாகவும் உள்ளவை. காஸ்காபெல் என்ற உருண்டை வற்றலுக்கு நம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயைச் சொல்வேன். அந்தப் பெயருக்குக் குலுக்கினால் ஒலிக்கும் சிறுமணி என்று பொருள். குண்டு மிளகாயைக் காதருகே ஆட்டினாலும் விதைகள் சலசலக்கும். காரம் மட்டும் நம்முடையதில் கூடுதல், ஆகவே எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். சிபோட்லேக்கு, புகையூட்டிய பாப்ரிகாத் தூளோடு ஒன்றிரண்டு காய்ந்த மிளகாயைச் சேர்த்தால் ஒப்பேற்றலாம். ஆஞ்சோவுக்கு மட்டும் மாற்று கிடையாது. பியாட்கியோடு திராட்சையை அரைத்துப் பார்த்தேன். வெறும் இனிப்புதான் வந்தது. காசு செலவழிக்க வேண்டிய ஒரே வற்றல் அதுதான்.

சிலி பாடி என்ற சின்ன மிளகாயை எதற்கும் மாற்றாகப் போட வேண்டாம். அதன் காரம் மற்ற எல்லாச் சுவையையும் அடித்துவிடும். சொல்லளவில் பார்த்தால் மலாய் மொழியின் 'சிலி'தான் நாவாட்ல் மொழியின் 'சில்லி'க்குப் பக்கத்தில் நிற்கிறது. நாமும் ஸ்பானியரும் மிளகின் பெயரையே நீட்டி இதற்கும் வைத்துவிட்டோம்.

கேள்வி: விதையை எடுத்த பிறகும் ஹபனேரோ மிளகாய் எரிகிறதே, ஏன்? – சுவா சூ காங் வாசகர்

பதில்: காரம் விதையில் இல்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சவ்வில்தான் காரத்தைத் தரும் காப்சைசின் சுரக்கிறது; விதையின் மேல் இருப்பது அதிலிருந்து ஒட்டியது. சவ்வைக் கத்தியால் வழித்து எடுங்கள். 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த காரக் கணக்கின்படி ஹாலப்பேனோ 2,500 முதல் 8,000 வரை, ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை. ஆகவே சவ்வை எடுத்தாலும் ஹபனேரோ ஹபனேரோதான். எரியும் வாய்க்குத் தண்ணீர் உதவாது, காப்சைசின் தண்ணீரில் கரையாது; பாலோ தயிரோ குடியுங்கள். கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள்.

கேள்வி: பண்டைய மெக்சிகோவில் சாக்லேட்டில் மிளகாய் போட்டுக் குடித்தார்கள் என்பது உண்மையா? வீட்டில் செய்ய அளவு சொல்ல முடியுமா? மிளகாய்ச் சாக்லேட் உருண்டை பிடிக்கலாமென்று உருக்கிய சாக்லேட்டில் மிளகாய் விழுதைக் கலந்தேன். மணல் மணலாகத் திரண்டுவிட்டது. – தெம்பனிஸ் வாசகி

பதில்: உண்மைதான், ஆனால் இன்று நாம் நினைக்கும் பானமன்று. அஸ்டெக் மக்கள் வறுத்த கொக்கோ விதையை அரைத்து நீரில் கரைத்து, மிளகாய், வனிலா, பூக்கள் போன்றவற்றைச் சேர்த்துப் பெரும்பாலும் கசப்பாகவே குடித்தார்கள். சர்க்கரை ஸ்பானியர் வந்த பிறகு சேர்ந்தது. நுரை வர ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். நம் உணவங்காடியில் தே தாரிக் ஆற்றுபவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கடையும் மொலினியோ என்ற மரக்கருவி வந்தது. நம் மத்தின் தம்பி என்றே சொல்லலாம்.

இருவருக்கான அளவு இது. அரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் விதையும் சவ்வும் நீக்கிய ஓர் ஆஞ்சோவை, இல்லாவிட்டால் இரண்டு காஷ்மீர் மிளகாயை, ஒரு விரல் நீளப் பட்டையோடு போட்டு, பொங்கவிடாமல் பத்து நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். அதில் 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட் 80 கிராம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு சேர்த்து மத்தால் கடையுங்கள். மிளகாய்த் தூளை மேலே தூவினால் அது அடியில் தங்கிக் கடைசி மடக்கில் தொண்டையைப் பிடிக்கும்; பாலில் ஊறவைத்தால் கொழுப்பில் கரைந்து காரம் சீராகப் பரவும். முதல் மடக்கில் காரம் தெரியவில்லையே என்று கூட்டிவிடாதீர்கள், அது மூன்றாவது மடக்கில்தான் வரும்.

உங்கள் உருண்டை திரண்டதற்குக் காரணம் விழுதிலிருந்த ஈரம். உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் பட்டாலே கொக்கோத் துகளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். திரண்டதை வீணாக்க வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால் ஐஸ்கிரீமுக்கு ஊற்றும் குழம்பாகத் தேறிவிடும். அடுத்த முறை 100 மில்லிலிட்டர் கிரீமில் இரண்டு வற்றலைப் போட்டுச் சூடாக்கி, அரை மணி நேரம் மூடிவைத்து, வடிகட்டி, மீண்டும் சூடாக்கி, நறுக்கிய 60 சதவீதச் சாக்லேட் 200 கிராமின் மேல் ஊற்றிக் கலக்குங்கள். தீபாவளித் தட்டில் வைப்பதானால் விருந்தினர் வந்த பிறகு குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அரை மணி நேரத்தில் குழைந்துவிடும்.

கேள்வி: மொத்தமாக வாங்கிய மெக்சிகோ வற்றலில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கூடாது. மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் விடும் நச்சு வெயிலிலோ சமையல் சூட்டிலோ போகாது; முழுவதையும் எறிந்துவிடுங்கள். நல்ல ஆஞ்சோ தோல் வார்போல் வளையும், நொறுங்கினால் பழையது. வளையக்கூடியது என்றாலே உள்ளே ஈரம் இருக்கிறது, அதோடு நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அலமாரியில் சில வாரம்கூடத் தாங்காது. ஒருமுறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்று புகாத பைகளில் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் வற்றலின் மேல் நீர் கோக்காமல் இருக்கும்.