கணினிக் கேள்வி – பதில்: இயங்குதளம் மாறிய பிறகு

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகக் கணினியின் உபுண்டு இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மேம்படுத்தினோம். அதுவரை ஒழுங்காக இயங்கிய பைத்தான் நிரல்கள், நம்பை என்ற மாட்யூல் (எண் கணக்கீட்டு நூலகம்) இல்லை என்று சொல்லி நின்றுவிடுகின்றன. பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி கொண்டு மீண்டும் நிறுவ முயன்றால், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுக்கிறது. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் நிறுவிவிடலாம் என்கிறார் நண்பர். சேர்க்கலாமா?
– ஆய்வக உதவியாளர் ஒருவர்

பதில்: சேர்க்க வேண்டாம். உங்கள் நம்பை அழிந்துவிடவில்லை, வட்டிலேயே இருக்கிறது. உபுண்டு 22.04இல் இருந்தது பைத்தான் 3.10, 24.04இல் இருப்பது 3.12. பிப் நிறுவும் தொகுப்புகள் பைத்தானின் பதிப்பு எண்ணைப் பெயரில் தாங்கிய கோப்புறைக்குள் சேர்வதால், 3.10க்கு உரிய கோப்புறையில் கிடப்பவற்றைப் புதிய பைத்தான் எட்டிப் பார்ப்பதே இல்லை. மெய்நிகர் சூழலுக்குள் (ஒரு திட்டத்திற்கென்று தனியாக ஒதுக்கிய பைத்தான் அமைப்புக்குள்) வைத்திருந்தாலும் நிலைமை இதுதான். அச்சூழலுக்குள் தெரியும் பைத்தான் பெரும்பாலும் கணினியின் பைத்தானைச் சுட்டும் இணைப்பு மட்டுமே; மேம்படுத்தலில் இணைப்பின் மறுமுனை 3.12 ஆகிவிட, நூலகங்கள் 3.10இன் கோப்புறையிலேயே தங்கிவிடுகின்றன. பழைய கோப்புறையை அப்படியே புதிய பெயரில் நகலெடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. முழுவதும் பைத்தானிலேயே எழுதப்பட்டவை அவ்வாறு இயங்கக்கூடும். நம்பையில் சி மொழியிலிருந்து கம்பைல் செய்யப்பட்ட (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட) பகுதிகள் இருக்கின்றன, அவை 3.10க்கென்றே உருவானவை என்பதால் 3.12 அவற்றை ஏற்காது.

பிப் மறுப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் 12ஆம் பதிப்பு, உபுண்டு 23.04 ஆகியவை வெளிவந்த 2023ஆம் ஆண்டிலிருந்து இந்தத் தடை நடைமுறையில் உள்ளது. மென்பொருள் மூலங்களை (தொகுப்புகள் பதிவிறக்கப்படும் இடங்களை) சேர்க்கும் கருவி, தானாகப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவும் கருவி, இயங்குதளத்தையே மேம்படுத்தும் கருவி என உபுண்டுவின் முக்கியமான பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்) பிப் நிறுவும் நூலகம், அதே பெயரில் இயங்குதளம் வைத்திருக்கும் நூலகத்தை மறைத்துவிடும். அப்போது அக்கருவிகள், தாம் சோதிக்கப்படாத ஒரு பதிப்பை எடுத்துக்கொண்டு இயங்க வேண்டியதாகிறது. நண்பர் சொன்ன விருப்பத்தின் பெயரே விளைவை வெளிப்படையாக அறிவிக்கிறது. பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகக் கணினியில் அந்த அபாயத்தை ஏற்க எந்த அவசியமும் இல்லை.

செய்ய வேண்டியது இது: உபுண்டுவின் தொகுப்பு நிறுவியான ஆப்ட் வழியாக ‘பைத்தான்3-வென்வ்’ தொகுப்பை நிறுவி, ஒவ்வொரு திட்டத்திற்கும் புதிய மெய்நிகர் சூழலை உருவாக்குங்கள். தேவையான தொகுப்புகளின் பட்டியலை முன்பு எழுதி வைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம்; பிப்பின் ‘ஃப்ரீஸ்’ கட்டளைக்கு ‘பாத்’ விருப்பத்தின் மூலம் பழைய 3.10 கோப்புறையைக் காட்டினால், அங்கிருப்பவற்றின் பெயரையும் பதிப்பையும் அது எடுத்துத் தரும். அந்தப் பட்டியலை அப்படியே புதிய சூழலில் நிறுவ முயல்வதுதான் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். அதில் நீங்கள் கேட்டு நிறுவியவையும், அவை இயங்கத் தேவையான சார்புகளாகத் தாமே வந்து சேர்ந்தவையும் கலந்திருக்கும், பதிப்புகளும் பழையவை. நம்பை 1.26தான் பைத்தான் 3.12க்கு ஆதரவளித்த முதல் வெளியீடு. அதற்கு முந்தையதைக் கேட்டால் பிப் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கி, பாதியில் தோற்றுப்போகும். ஆகவே உங்கள் நிரல்கள் நேரடியாக அழைக்கும் தொகுப்புகளை மட்டும் பதிப்பு எண் இல்லாமல் எழுதி நிறுவுங்கள். சார்புகளுக்குப் பொருந்தும் பதிப்புகளைப் பிப்பே தேர்ந்துகொள்ளட்டும். நிரல்களை ஓட்டி, விடைகள் முன்போலவே வருகின்றனவா என்று சரிபார்த்த பின், புதிய பட்டியலை எடுத்து நிரலோடு சேர்த்து வையுங்கள். உங்கள் நிரலில் எங்கேனும் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய நூலகம் அழைக்கப்பட்டிருந்தால் அது 3.12இல் இல்லை, ‘செட்டப்டூல்ஸ்’ தொகுப்பை நிறுவினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம், ஆனால் நிரலைத் திருத்துவதே முறை.

கேள்வி: அதே மேம்படுத்தலுக்குப் பின், வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருளை நிறுவும் எங்கள் ஸ்கிரிப்ட், ‘லிப்அசவுண்ட்2’ என்ற ஒலி நூலகத் தொகுப்பை நிறுவ வழியில்லை என்று நின்றுவிடுகிறது. அந்நிறுவனத்தின் மென்பொருள் மூலமும் முடக்கப்பட்டிருக்கிறது. சார்புகளைப் பொருட்படுத்தாமல் வலிந்து நிறுவலாமா?
– அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வாசகி

பதில்: மூலத்தை முடக்கியது மேம்படுத்தும் கருவியே; 22.04க்காகக் கட்டப்பட்டவை 24.04க்குள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக அது அவ்வாறு செய்கிறது. லிப்அசவுண்ட்2 கதை வேறு. நேரத்தை 32 பிட் எண்ணாகக் குறிக்கும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று அந்த எண் நிரம்பி வழியும். அதைத் தவிர்க்க 64 பிட் நேரத்திற்கு மாறியபோது, பாதிக்கப்பட்ட நூலகத் தொகுப்புகளின் பெயர் இறுதியில் ‘டி64’ சேர்க்கப்பட்டது. 64 பிட் கணினிகளில் நூலகத்தின் உள்ளமைப்பு மாறாததால், புதிய தொகுப்பு பழைய பெயருக்கும் தானே பொறுப்பு என்று அறிவித்துக்கொள்கிறது. எனவே பழைய டெப் கோப்புகள் (உபுண்டுவின் நிறுவல் கோப்புகள்) பலவும் தடையின்றி நிறுவப்படுகின்றன. லிப்அசவுண்ட்2 என்ற பெயருக்கோ வேறொரு தொகுப்பும் உரிமை கோருவதால், எதை எடுப்பது என்று தீர்மானிக்காமல் ஆப்ட் நின்றுவிடுகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் அந்தப் பெயரை ‘லிப்அசவுண்ட்2டி64’ என்று மாற்றினால் போதும். மூலத்தைப் பொறுத்தவரை, 24.04இன் குறிப்பெயரான ‘நோபிள்’ என்பதற்கு அந்நிறுவனம் தொகுப்புகளை வெளியிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே இயக்குங்கள். வலிந்து நிறுவாதீர்கள், நிறைவேறாத சார்பு ஒன்று பதிவாகிவிட்டால், அது தீரும்வரை ஆப்ட் வேறு எதையும், பாதுகாப்புத் திருத்தங்களைக்கூட, நிறுவ மறுக்கும்.

கேள்வி: அதே மேம்படுத்தலுக்குப் பின் எங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14, 16 என இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. பழையதை நீக்கிவிடலாமா?
– நூலகப் பட்டியலைப் பராமரிக்கும் வாசகர்

பதில்: இப்போதே நீக்காதீர்கள். உங்கள் தரவு இன்னும் 14இல்தான் இருக்கிறது. மேம்படுத்தலில் வந்த 16 வெறுமையானது, பெரும்பாலும் 5433ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) காத்திருக்கும். ‘பிஜி எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ கட்டளை இரண்டையும் காட்டும். முதலில் முழுத் தரவையும் வேறொரு வட்டில் காப்பெடுங்கள். பிறகு 16இன் வெற்றுத் தரவுத்தளத் தொகுதியை நீக்கிவிட்டு, ‘பிஜி அப்கிரேடுகிளஸ்டர்’ கொண்டு 14ஐ 16க்கு மாற்றுங்கள். இந்த மாற்றத்திற்கு இரு பதிப்புகளின் நிரல்களும் கணினியில் இருந்தாக வேண்டும். பட்டியலில் தேடல், இரவல் பதிவு இரண்டும் சரியாக நடப்பதைச் சில நாட்கள் பார்த்த பின் 14ஐ நீக்கலாம். நிரந்தரமாக விட்டுவைக்கவும் கூடாது, ஏனெனில் 24.04இன் களஞ்சியத்தில் 14 இல்லை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கிருந்து வாரா.