கோச் போனால் கை யார் பொறுப்பு?

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு, பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி என்றால் அவனுக்கு உயிர். 2024இல் அந்த அணியின் கோச் ஜிம் ஷ்லாஸ்னேகல் பரம வைரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனதை இன்னும் அவனால் ஏற்க முடியவில்லை. இப்போது அவனைத் தேடிக் கல்லூரி கோச்சுகள் பேசுகிறார்கள். ‘யாரையும் நம்ப மாட்டேன்’ என்கிறான். அவர் செய்தது துரோகம்தானே? எல்லாம் பணம்தானா? கிரிக்கெட்டில் இப்படி நடக்குமா?

கே.

அன்புள்ள கே.,

பையனின் கோபத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஏ அண்ட் எம் முதன்முறையாக, ஒமாஹா நகரில் நடக்கும் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதிச்சுற்றுக்குப் போயிருந்தது. ஜூன் 24 இரவு, மூன்றாவது ஆட்டத்தில் டென்னசி பல்கலைக்கழகத்திடம் 6-5 என்று தோற்றது. டெக்சஸ் வேலை பற்றி ஒரு நிருபர் கேட்டதும் ஷ்லாஸ்னேகல் சீறினார். கேட்பதே சுயநலம் என்றார். இனி வேறு வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன் என்றார். மறுநாளே டெக்சஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்துவிட்டது. போனதைவிட அந்த இரவின் பேச்சுதான் பிள்ளைகளைச் சுட்டது. அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

பணமா? பணமும்தான். டெக்சஸின் விளையாட்டு இயக்குநர் கிறிஸ் டெல் கான்ட்டேயும் ஷ்லாஸ்னேகலும் டிசியுவில் (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) பல வருடம் ஒன்றாக இருந்தவர்கள், அதுவும்தான். கிரிக்கெட்டை விடுங்கள். கல்லூரி கிரிக்கெட் கோச்சின் பெயர் நம் ஊரில் யாருக்குத் தெரியும்?

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். பிட்சர் பையனின் தகப்பன் எழுதிய கடிதத்தில் பிட்சிங் கோச் பற்றி ஒரு வரிகூட இல்லை! 2024இல் ஏ அண்ட் எம் பிட்சர்களைப் பார்த்துக்கொண்டவர் மேக்ஸ் வைனர். அவரும் டெக்சஸுக்குப் போனார். அதைப் பற்றி யாரும் கொதிக்கவில்லை. ஆனால் ஒரு பையனின் முழங்கைக்குத் தலைமைக் கோச் போவதைவிட இதுதான் பெரிய விஷயம். முழங்கை அறுவைக்குப் பிறகு 2023 முழுவதும் ஆடாமல் இருந்த ரயன் பிரேகர் 2024இல் அணியின் முதல் பிட்சராக நின்றார். அப்படித் திரும்பி வரும் கையை வாராவாரம் கவனித்தவர் ஜூன் கடைசியில் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ஆட்டம், பெரும்பாலும் செவ்வாயன்று இன்னொன்று. வெள்ளிக்கிழமை பிட்சருக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை முறை வரும். நடுவில் ஒரு நாள் முப்பது பந்து அளவுக்குப் பயிற்சி. இத்தனை பந்துக்கு மேல் போடக் கூடாது என்று கல்லூரி ஆட்டத்தில் விதி கிடையாது. எங்கே நிறுத்துவது என்பது பிட்சிங் கோச்சின் கண்ணை நம்பியிருக்கிறது. எத்தனையாவது பந்தில் இவன் முழங்கை கீழே இறங்குகிறது, எந்த வாரம் ஸ்லைடர் என்ற வளையும் பந்து வளையாமல் போகிறது என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கும்.

அவர் போகும் நேரத்தைப் பாருங்கள். பிட்சர்களில் பலர் அப்போது கோடைக்கால லீகுகளில் வெவ்வேறு ஊரில் வீசிக்கொண்டிருப்பார்கள். இன்னும் எத்தனை இன்னிங்ஸ் வீசலாம் என்று சொல்ல ஆளில்லை. புதியவர் ஆகஸ்டில் வந்து, செப்டம்பரில் பிடியை மாற்றச் சொல்வார், கை வரும் கோணத்தை மாற்றச் சொல்வார், அவரிடம் நல்ல பெயர் வாங்கப் பையன் முழு வேகத்தில் வீசுவான். ஓய்ந்திருந்த கை, புது அசைவு, முழு வேகம் மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்தால் முழங்கைத் தசைநார் தாங்காமல் போகலாம். அறுந்தால் திரும்ப ஆட ஒரு வருடத்துக்கு மேல்.

அதனால் பையனுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஆட்டத்தில் வீசிய பந்து, பயிற்சியில் வீசிய பந்து, மறுநாள் வலி எந்த இடத்தில், எத்தனை நாள் ஓய்வு. 17, 18 வயதுக்கு அமெரிக்காவில் சொல்லும் அளவு ஒரு நாளில் 105 பந்து. 80ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு, 61 முதல் 80 வரை மூன்று நாள். பள்ளி அணியில் வீசியதையும் கிளப்பில் வீசியதையும் கூட்டித்தான் எழுத வேண்டும். இரண்டு கோச்சும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை, கை கெடுவது அங்கேதான். கல்லூரிக்குப் போன பிறகும் வீடியோ, வேகக் கணக்கு, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றுக்கும் பருவம்தோறும் நகல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகை விஷயம் சுருக்கமாக. கையெழுத்துப் போட்ட காகிதம் கல்லூரியுடையது, கோச் போனாலும் நிற்கும். ‘அடுத்த வருடம் கூட்டித் தருகிறேன்’ என்ற வாய்ப்பேச்சு அவருடனேயே போய்விடும். வீரர்களுக்குக் கல்லூரியே பணம் கொடுக்கலாம் என்ற நீதிமன்றச் சமரசத்துக்குள் வந்த கல்லூரிகளில் 2025-26 முதல் அணிக்கு 34 பேர்தான். வருகிற கோச் தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஏ அண்ட் எம் பேட்டிங் கோச் மைக்கேல் எர்லியைத் தலைமைக் கோச் ஆக்கியது. பிட்சிங்குக்கு ஜேசன் கெல்லி வந்தார், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தலைமைக் கோச் பதவியை விட்டுவிட்டு. அங்கேயும் உங்கள் மகனைப் போலச் சில பையன்கள் இருந்திருப்பார்கள். 2025 சீசனை முதலிடக் கணிப்போடு தொடங்கிய ஏ அண்ட் எம் 30-26இல் முடிந்து தேசியப் போட்டிக்கே போகவில்லை. எல்லாவற்றையும் ஷ்லாஸ்னேகல் தலையில் கட்டாதீர்கள், அணியின் முக்கிய வீரர் காவின் கிரஹோவாக் தோள் காயத்தால் ஆரம்பத்திலேயே வெளியேறியதும் அதில் உண்டு.

அடுத்த முறை ஒரு கோச் பேச வரும்போது பையனையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்: “உங்கள் பிட்சிங் கோச் எத்தனை வருடமாக இருக்கிறார்? கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பிட்சருக்கு முழங்கை அறுவை நடந்தது? கோடையில் என் பந்துகளை யார் எண்ணுவார்கள்?” மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கல்லூரி வேண்டாம், கோச் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.