சங்கிலியை அடைவு வைத்து டிப்ளோமா படிக்கலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் ஏழு வருடமாக முன்பள்ளி ஆசிரியை. சம்பளம் 24,000 ரூபாய். டவுனில் ஒரு தனியார் நிறுவனம் சிறுவர் விருத்தி டிப்ளோமாவுக்கு 120,000 கேட்கிறது, ஒரு வருடப் படிப்பு. இரண்டு பவுண் சங்கிலியை அடைவு வைத்துச் சேரலாமா?

பதில்: படிக்கிற முடிவு நல்லது, அதை விடாதீர்கள். சங்கிலியை மட்டும் இப்போது தொடவேண்டாம்.

அடைவு வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்று வைத்தால், 120,000க்கு மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. இது வெறும் வட்டி, முதல் அப்படியே நிற்கும். படித்த பிறகு சம்பளம் 5,000 கூடினாலும், போட்ட 141,600ஐ மீட்க இரண்டு வருடமும் நாலு மாதமும் வேண்டும். கூடாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே சேருவதற்கு முன் இரண்டு மூன்று முன்பள்ளிகளில், எந்தச் சான்றிதழுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுப்பீர்கள் என்று நேரே கேளுங்கள்.

அடுத்து, பலர் ஏமாறும் இடம். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருப்பது வேறு, நீங்கள் படிக்கப்போகும் கற்கைநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். கற்கைநெறிக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் முடிவில் கையில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் தாள்தான், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அல்ல. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, உங்கள் பாடமும் மட்டமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு இதைவிடக் குறுக்கு வழி இருக்கிறது. ஏழு வருட அனுபவத்தை முன்கற்றல் அங்கீகாரம் மூலம் மதிப்பிடுவித்து என்.வி.கியூ. பெற முயலலாம். டிப்ளோமா என்பது 5ஆம், 6ஆம் மட்டங்கள், அதற்குக் கீழே சான்றிதழ் மட்டத்தை அனுபவத்தாலேயே எடுக்கப் பாருங்கள். நியமனக் கடிதம், பாடத்திட்டக் கொப்பி, நீங்கள் செய்த கற்பித்தல் சாதனங்களின் படங்கள், பிள்ளை அவதானிப்புக் குறிப்புகள் ஆகியவற்றைக் கோப்பாக்குங்கள். குறிப்பில் ‘நன்றாகச் செய்தார்’ என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. நாலு வயதுப் பிள்ளை கத்தரிக்கோலை எந்தக் கையில் பிடித்தது, கோட்டின் மேலே வெட்டியதா, விலகியதா, இரண்டு கிழமைக்குப் பிறகு எப்படி என்று திகதி போட்டு எழுதுங்கள். விருத்தி தெரிந்த ஆசிரியை என்பதற்கு அதுதான் சாட்சி.

வட்டிக்குப் போகவிருந்த 1,800ஐ இம்மாதமே வங்கியில் போடத் தொடங்கினால் ஆறு மாதத்தில் 10,800. மதிப்பீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். பிறகு டிப்ளோமாவுக்குப் போகும்போது திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்திலும் விசாரியுங்கள், வேலையை விடாமல் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் பரீட்சைக் கட்டணம், செயன்முறைப் பயிற்சிச் செலவு எல்லாம் அந்த 120,000க்குள் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். தவணையாகக் கட்டக் கேளுங்கள்.

புது வேலை வந்தால் கையில் வரும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். 45,000 சம்பளத்தில் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டினால், மாதம் 6,750 ரூபாய் உங்கள் பெயரில் சேரும்.