காலி செய்தது யார்?

கேள்வி: அடுத்த மாதம் ரோம் போகிறோம். பக்கத்தில் செர்வேத்தெரி என்ற ஊரில் ரோமர்கள் ஓங்குவதற்கு முன் அங்கே வாழ்ந்த எட்ரூஸ்கர் என்ற மக்களின் பழைய கல்லறைகள் இருக்கின்றனவாம். எல்லாம் காலி என்கிறார்கள். அதற்கு ஒரு நாள் செலவிடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அந்தக் ‘காலி’யை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அவை காலியாகக் கிடந்தவை அல்ல, காலி செய்யப்பட்டவை.

1971-ல் அந்த ஊர்ப் பக்கம் ஒரு கல்லறையைத் திருடர்கள் தோண்டினார்கள். ஏதென்ஸ்காரரான யூஃப்ரோனியோஸ் சித்திரம் தீட்டிய, ஒயின் கலக்கும் பெரிய மண்கலம் அகப்பட்டது. கிரேக்கப் புராணத்தில் ட்ராய் போரில் மாண்ட வீரன் சார்பிடோனை, உறக்கம், மரணம் என்ற இரண்டு தேவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கும் காட்சி அதில். மறுவருஷமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 10 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. லெபனான்காரர் ஒருவரின் சொத்து என்று விற்றவர் சொன்னார். 2008-ல்தான் இத்தாலிக்குத் திரும்பியது. இப்போது செர்வேத்தெரி மியூசியத்திலேயே பார்க்கலாம்.

‘எங்கே இருந்தால் என்ன, பத்திரமாகத்தானே இருக்கிறது?’ என்று முன்பு ஒரு வாசகர் இதே பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்றார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கலம் வந்துவிட்டது. ஆனால் அது எந்த அறையில், யார் தலைமாட்டில், எவற்றோடு வைக்கப்பட்டிருந்தது என்ற சேதி தோண்டிய அன்றே அழிந்துவிட்டது. வாங்க ஆள் இருந்ததால்தான் மண்வெட்டி இறங்கியது.

சரி, மிச்சம் என்ன? பெயர்த்துப் போக முடியாததெல்லாம். எட்ரூஸ்கரின் வீடுகள் மரமும் மண்ணுமாக இருந்து மண்ணோடு போய்விட்டன. கல்லறைகளையோ மென்மையான எரிமலைப் பாறையில் வீடு மாதிரியே குடைந்தார்கள். உத்தரம், வாசல்நிலை, நாற்காலிகூட கல்தான். ஒரு குடும்பம் தன் கல்லறையில் தூணிலும் சுவரிலும் வீட்டுச் சாமான்களைச் சுதையில் செய்து வண்ணம் பூசி வைத்திருக்கிறது: கத்தி, கோடரி, கூஜா, தலையணை, அழகாகச் சுற்றிய கயிறு. அந்தக் கயிற்றைப் பார்த்தபின் ‘காலி’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம், ரோமில் வில்லா ஜூலியா மியூசியத்தை விட்டுவிடாதீர்கள். 1881-ல் செர்வேத்தெரியில் 400-க்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்த சுடுமண் ஈமப்பேழையை அங்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூடியின் மேல் கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் விருந்துக்குச் சாய்ந்திருக்கிறார்கள், அவன் கை அவள் தோளில். அதே காலத்தில் கிரேக்கர்களின் விருந்தில் மனைவிக்கு இடமே கிடையாது. முதலில் இவர்கள் ஊரைப் பாருங்கள், பிறகு இவர்களைப் பாருங்கள்.