மாடு எண்ணிய சம்பந்திகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்து கிராமங்களில் தரகர் வைத்துப் பெண் பேசினார்கள், சீதனமும் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது பணக்காரக் குடும்பங்களின் வழக்கமா? காதலுக்கு அங்கே இடமே இல்லையா?

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

பணக்காரர்களைவிட, ஓரளவு நிலம் வைத்திருந்த விவசாயிகளின் வழக்கம் அது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்பு, பல இடங்களில் நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுத்து, சின்ன வயதிலேயே கல்யாணத்தை முடித்தார்கள். பஞ்சத்துக்குப் பிறகு அந்தத் துணிச்சல் போய்விட்டது. நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு என்று ஆனது. அவனுக்கு வருகிற பெண் வெறுங்கையோடு வரக் கூடாது. தரகருக்கு வேலை பெருகியது அப்போதுதான்.

பேச்சு சந்தையிலோ பப்பிலோ தொடங்கும். அப்புறம் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, மாடுகளை எண்ணுவார். அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டு மாடுகளை இரவல் வாங்கி நிறுத்திய குடும்பங்களைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. ஒத்துவந்தால் வக்கீலிடம் பத்திரம். வயதான பெற்றோருக்கு வீட்டில் ஓர் அறை, ஒரு பசுவுக்கு மேய்ச்சல் என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டதுண்டு. மருமகள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

சீதனப் பணம் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போகும். அதை வைத்து அவர் தன் மகளைக் கட்டிக்கொடுப்பார். ஒரே பணம் இப்படி வீடு வீடாகச் சுற்றும். ஆனால் அதைக் கொண்டு கரையேற்ற முடிந்தது பெரும்பாலும் ஒரு மகளைத்தான். மற்றவர்களில் பலர் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பல் ஏறினார்கள். அவர்களையும் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கல்யாணங்களை ரசித்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. நிலத்துக்குக் காத்திருந்த மகன் பாடும் சுலபமில்லை. தகப்பனார் விட்டுக்கொடுக்கும் வரை, நாற்பது வயதானாலும் அவன் பையன்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாட்களில் கல்யாணங்கள் குவியும். அதற்குள் முடிக்காதவர்கள் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று கோயிலுக்குப் போனால், தெற்கு, மேற்குப் பகுதிகளில் சிறுவர்கள் முதுகில் சாக்கட்டியால் கோடு போட்டுவிடுவார்கள். தாமதத்துக்குக் காரணம் தகப்பனாரின் பிடிவாதமாக இருந்தாலும் கோடு மகன் முதுகில்தான்.

காதலும் இருந்தது. பெற்றோர் ஒத்துக்கொள்ளாமல் ஓடிப்போனவர்களும் இருந்தார்கள். கிளேர் பகுதியின் லிஸ்டூன்வார்னாவில் இன்றும் செப்டம்பரில் வரன் தேடும் திருவிழா நடக்கிறது. இப்போது அங்கே ஆட்டமும் பாட்டும்தான் முக்கியம். மாடுகளை யாரும் எண்ணுவதில்லை.