கொல்லிமலைக்கு எந்த வரைபடம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் சைக்கிள் பயணக் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். எனக்கு 54 வயது. போன வருடம்தான் கியர் சைக்கிள் வாங்கினேன். தை மாதம் சேலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். விலையைக் கேட்டால் இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. கூட வரும் நண்பரோ, காகித வரைபடத்தைப் பார்த்து ஓட்டுவதுதான் பயணம், கருவி சொன்ன பக்கம் திரும்புவது செக்குமாட்டு வேலை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தக் காகித வரைபடம்?

இந்தச் சண்டை பிரிட்டன் பக்கத்துச் சைக்கிள்காரர்களுக்குப் பொருந்தும். அங்கே ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனம் 1:50,000 அளவில் நாடு முழுவதற்கும் 204 தாள்கள் போட்டுக் கடையில் விற்கிறது. சந்து பொந்தெல்லாம் அதில் இருக்கும். நமக்குக் கடையில் கிடைக்கிற தமிழ்நாடு சாலை வரைபடத்தில் ராசிபுரம் ஒரு புள்ளி. பேளுக்குறிச்சி இருந்தால் அதிர்ஷ்டம். அதை வைத்துக்கொண்டு லாரி ஓட்டலாம், சைக்கிள் ஓட்ட முடியாது.

நம்மிடம் நல்ல தாள் இல்லாமலில்லை. நம் அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட்டுகளை (மேடு பள்ளமெல்லாம் காட்டும் வரைபடத் தாள்கள்) இணையத்தில் பதிவு செய்துகொண்டு பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். அதே 1:50,000 அளவுதான்: தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஆனால் சாலைகளைப் பொறுத்தவரை அவை பழசு. நேற்றுப் போட்ட பஞ்சாயத்து ரோடு இருக்காது, எப்போதோ அழிந்த வண்டிப்பாதை இருக்கும். மலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் என் வழக்கம், மலையைத் தாளில் பார்ப்பது, சாலையை போனில் பார்ப்பது.

மலையைத் தாளில் பார்ப்பது என்றால் இப்படி. பழுப்பு நிறத்தில் நெளிநெளியாக ஓடும் சமஉயரக் கோடுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். உங்கள் பாதை 2 செ.மீ. தூரத்துக்குள் நான்கு கோடுகளைத் தாண்டினால், ஒரு கிலோமீட்டரில் 80 மீட்டர் ஏறுகிறீர்கள். நூற்றுக்கு எட்டு. நம் வயதுக்கு அது இறங்கித் தள்ளுகிற ஏற்றம் (நான் தள்ளுவேன், வெட்கமே கிடையாது). கோடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே பழுப்பாகத் தெரிந்தால் அங்கே பாதை நேராகப் போகவே முடியாது, வளைந்து வளைந்துதான் ஏறும். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு என்பது தாளைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

அச்சடிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. ஜவ்வாது மலைக்குப் போனபோது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப்-ஐக் கொடுத்து ஏ3 தாளில் கலர் பிரிண்ட் வாங்கினேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, பாதையின் மேல் தையல் நூலை வளைத்து வைத்து அளந்தேன். 14 செ.மீ. அப்படியானால் 7 கி.மீ. மறுநாள் ஏழாவது கிலோமீட்டரில் ஊரும் இல்லை, டீக்கடையும் இல்லை, பாட்டிலில் தண்ணீரும் இல்லை. அசல் தாள் ஏ3-ஐப் போல இரண்டு மடங்கு அகலம். கடையில் அதை ஒரே பக்கத்துக்குள் சுருக்கித் தந்திருக்கிறார்கள். வரைபடத்தின் அடியில் இருந்த அளவுகோலும் கூடவே சுருங்கியிருந்தது. நூலை அதன்மேல் வைத்துப் பார்த்திருந்தால் 14 கி.மீ. என்று சரியாகச் சொல்லியிருக்கும். 1802-இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்த ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டனின் வேலையிலிருந்து வந்த தாள்கள் இவை. வெயிலில் சங்கிலி நீளுமே என்று அதற்கும் கணக்குப் பார்த்துத் திருத்திய மனிதர் அவர். நானோ பாதியாகச் சுருங்கிய தாளைக் கவனிக்கவில்லை. அளவு மாற்றாமல் துண்டு துண்டாக அச்சடித்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது மகனின் கருவி. வெயிலில் திரை பளிச்சென்று தெரியும், சார்ஜ் நாள் முழுக்க நிற்கும், காற்றழுத்தத்தை வைத்து ஏற்றத்தைச் சொல்லும். இதெல்லாம் உண்மை. ஆனால் இப்படிப்பட்ட பல கருவிகளுக்குள் இருப்பது, தன்னார்வலர்கள் சேர்ந்து வரைகிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம்தான். அதையே ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலியில், போனில், இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் போனால் போன் உதவாது என்று நண்பர் பயமுறுத்துவார். ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் டவர் வேண்டியதில்லை, வானம் தெரிந்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் வராமல் போவது வரைபடப் படம்தான். வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. போனை ஹேண்டில்பாரில் மாட்டாமல் பைக்குள் வைத்து, கூட்டுரோடு வரும்போது மட்டும் எடுத்துப் பாருங்கள். திரை எரிந்துகொண்டே இருந்தால்தான் சார்ஜ் தீரும். சித்திரை வெயிலில் மாட்டி வைத்தால் கொதித்துப்போய்த் தானே அணைந்துவிடும். வாரம் தவறாமல் புதுப்புது ஊர்களுக்குப் போகிறவராக ஆனால் அப்போது கருவி வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், ஒரு துண்டுச் சீட்டு. ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "கொல்லிமலைக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டால் பஸ் ரூட்டைச் சொல்வார்கள். "காளப்பநாயக்கன்பட்டிக்கு எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

காரவள்ளி தாண்டினால் தாளும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரே ரோடு, வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. வழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இறங்குவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுபது வளைவிலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் இறங்க வேண்டும். மகன் கருவிக்கென்று எடுத்து வைத்த பணத்தில் முதலில் பிரேக் கட்டைகளை மாற்றிவிடச் சொல்லுங்கள்.